தலைக்கவசத்துள் புளூடூத் கருவி: வசதியும் சாலைப் பாதுகாப்பும்

இந்தியாவில் பதிவு செய்யப்பட்டுள்ள மோட்டார் வாகனங்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருசக்கர வாகனங்களே. பள்ளிக்குச் செல்லும் ஆசிரியரும், இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியரும், சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்லும் சிறு வணிகரும், வீடுதோறும் பொருள் கொண்டு சேர்க்கும் இளைஞரும் இவ்வாகனத்தையே நம்பி வாழ்கின்றனர். குறைந்த செலவில் நெடுந்தொலைவு செல்ல உதவும் இச்சாதனம், பிற வாகனங்களைக் காட்டிலும் தன்னை ஓட்டுவோருக்குக் குறைவான பாதுகாப்பையே அளிக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட புள்ளிவிவரங்களின்படி, 2022ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். உயிரிழந்தோருள் 44 சதவிகிதத்திற்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் சென்று இறந்தோரின் எண்ணிக்கை மட்டும் 50,029 ஆகும்.

இந்நிலையில் அண்மைக் காலத்தில் வேறொரு சிக்கலும் இதனுடன் சேர்ந்துள்ளது. கைபேசி அனைவர் கையிலும் இடம் பெற்றுவிட்டது. வாகனம் ஓட்டும் நேரத்திலும் அழைப்பு வருவது நிற்பதில்லை. ஒரு கையால் வண்டியைச் செலுத்தி, மறு கையால் கைபேசியைச் செவியில் வைத்துப் பேசுவோரை எந்த நகரத்திலும் காணலாம். தோளுக்கும் கன்னத்துக்கும் இடையே கைபேசியை அழுத்தித் தலையைச் சாய்த்தவாறே செல்வோரும், அதனைத் தலைக்கவசத்தின் உள்ளே செவியோரம் செருகிக்கொண்டு பேசுவோரும் உளர். வாகனம் ஓட்டுகையில் கைபேசியைப் பயன்படுத்தியதால் 2022ஆம் ஆண்டில் 3,395 உயிர்கள் இழக்கப்பட்டதாக அதே புள்ளிவிவரங்கள் கூறுகின்றன. விபத்துக்குப் பின் கைபேசிப் பயன்பாட்டை மெய்ப்பிப்பது எளிதன்று ஆகையால், உண்மை நிலை இதனினும் கூடுதலாக இருக்கக்கூடும்.

இச்சிக்கலுக்குத் தீர்வு எனக் கூறப்படுவதே தலைக்கவசத்தில் பொருத்தப்படும் புளூடூத் செவிக்கருவி. கைகள் இரண்டும் கைப்பிடியிலேயே இருக்க, பேச்சும் வழிகாட்டும் குரலும் செவியை வந்தடைய இது வழி செய்கிறது. ஆனால் கை விடுபட்டதனால் மட்டும் ஆபத்து நீங்கிவிடுகிறதா என்பது ஆராய்தற்குரியது. இவ்வினாவுக்கு விடை காண, கருவியின் இயக்கம், தலைக்கவசத்தின் பணி, செவியின் எல்லை, மனத்தின் கவனம், சட்டத்தின் நிலை ஆகிய ஐந்தையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

கருவி இயங்கும் முறை

புளூடூத் என்பது குறுகிய தொலைவுக்குள் உள்ள கருவிகளைக் கம்பியின்றி இணைக்கும் வானொலி அலைத் தொழில்நுட்பம். சுவீடன் நாட்டின் எரிக்சன் நிறுவனத்தில் 1994ஆம் ஆண்டில் இதற்கான பணி தொடங்கியது. 1998இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் ஒன்றுகூடி இதற்கான பொதுத் தரத்தை வகுக்கும் அமைப்பை நிறுவின. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் மன்னரின் பட்டப்பெயரே இத்தொழில்நுட்பத்திற்கும் பெயராயிற்று.

இதற்குப் பயன்படும் அலைவரிசை 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது. இவ்வலைவரிசையில் குறைந்த ஆற்றலுடன் இயங்கும் கருவிகளுக்குத் தனி உரிமம் தேவையில்லை என்று 2005ஆம் ஆண்டில் இந்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. கம்பியற்ற இணையக் கருவிகளும் நுண்ணலை அடுப்புகளும் இதே அலைவரிசையில் இயங்குவதால் குறுக்கீடு நேர வாய்ப்புண்டு. இதனைத் தவிர்க்கும் பொருட்டு, அலைவரிசை ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 தடங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. பேசும் இரு கருவிகளும் முன்னரே உடன்பட்ட ஒழுங்கில் ஒரு விநாடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவுகின்றன. ஒரு தடத்தில் இடையூறு நேரினும் அடுத்த தாவலில் செய்தி தொடர்ந்துவிடும்.

தலைக்கவசக் கருவியில் நான்கு உறுப்புகள் இருக்கும். செவிக்கு நேரே உட்புறத்தில் வைக்கப்படும் தட்டையான ஒலிபெருக்கிகள் இரண்டு. வாய்க்கு அருகே அமையும் ஒலிவாங்கி ஒன்று. மின்கலத்தையும் மின்னணுச் சுற்றையும் கொண்டு கவசத்தின் புறத்தே பற்றியிருக்கும் சிறு பெட்டி. இவற்றை இணைக்கும் மெல்லிய கம்பிகள். சட்டைப் பையில் உள்ள கைபேசியுடன் இப்பெட்டி தொடர்பு கொள்கிறது. சாதாரணக் கருவிகளின் தொடர்பு எல்லை ஏறத்தாழ 10 மீட்டர். ஆற்றல் மிகுந்தவற்றுக்கு இது 100 மீட்டர் அளவுக்கு நீளும். பின் இருக்கையில் அமர்ந்தவருடனும், உடன் வரும் பிற வாகனங்களில் உள்ளோருடனும் உரையாட உதவும் வகைகளும் விற்பனைக்கு வந்துள்ளன.

தலைக்கவசத்தின் பணியும் கருவியைப் பொருத்துதலும்

கருவியைப் பொருத்துமுன், தலைக்கவசம் எவ்வாறு தலையைக் காக்கிறது என்பதை அறிதல் இன்றியமையாதது. கவசத்தின் புற ஓடு கூர்மையான பொருள் உட்புகாமல் தடுத்து, மோதலின் விசையைப் பரவலாக்குகிறது. எனினும் உயிரைக் காக்கும் பெரும்பணியைச் செய்வது, ஓட்டினுள் அமைந்த விரிவாக்கப்பட்ட பாலிஸ்டைரீன் என்னும் இலேசான நுரைப் படலமே. மோதும் வேளையில் இப்படலம் நசுங்குகிறது. அவ்வாறு நசுங்கும் சில மில்லிமீட்டர் தொலைவுக்குள் தலையின் வேகம் சிறிது சிறிதாகக் குறைகிறது.

இதனை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். 1.8 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழும் தலை, தரையைத் தொடும்போது விநாடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் வேகத்தைப் பெற்றிருக்கும். நுரைப் படலம் 25 மில்லிமீட்டர் நசுங்கி அத்தலையை நிறுத்துமாயின், சராசரி வேகக் குறைவு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 72 மடங்காகும். நசுங்கும் தொலைவு 15 மில்லிமீட்டராகச் சுருங்கினால் அது 120 மடங்காக உயரும். 5 மில்லிமீட்டரே கிடைத்தால் 360 மடங்காகிவிடும். மூளை தாங்கக்கூடியதற்கும் தாங்க இயலாததற்கும் உள்ள வேறுபாடு இந்தச் சில மில்லிமீட்டர்களில் அடங்கியுள்ளது.

ஆகவே ஒலிபெருக்கிக்கு இடம் செய்வதற்காக நுரைப் படலத்தைக் கத்தியால் குடைந்தெடுப்பது, பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பைத் தானே குறைத்துக்கொள்வதாகும். புற ஓட்டில் துளையிட்டுத் திருகாணி முடுக்குவதும் அத்தகையதே. துளையைச் சுற்றி ஓடு வலுவிழக்கும். திருகாணியின் முனை தலையை நோக்கி நிற்கும். சில வகைப் பசைகளும் கரைப்பான்களும் நுரைப் படலத்தைக் கரைத்துவிடும் தன்மையுடையவை. செவிப்பகுதியில் துணி உறையின் பின்னே ஒலிபெருக்கிக்கெனவே குழிவு விடப்பட்ட தலைக்கவசங்கள் உள்ளன. அத்தகைய கவசத்தில், வெட்டாமலும் துளைக்காமலும் கருவியை அமைத்தலே தக்கது.

கைபேசியையே கவசத்தினுள் செருகும் பழக்கம் இவையனைத்தினும் கேடு பயப்பது. கண்ணாடியும் உலோகமும் கொண்ட அக்கடினப் பொருள் கன்ன எலும்புக்கும் கவசத்துக்கும் இடையே அகப்படுகிறது. அதற்கு இடம் விடுவதற்காகக் கவசத்தின் வாரைத் தளர்த்துவோரும் உண்டு. வார் தளர்ந்த கவசம் முதல் மோதலிலேயே தலையை விட்டுக் கழன்றுவிடக்கூடும். வீழ்ந்த கைபேசியைப் பிடிக்க முயன்று நிலை தடுமாறுவதும் நேரத்தக்கதே.

முறையாகத் தலைக்கவசம் அணிவதால் இறப்பு வாய்ப்பு 42 சதவிகிதமும் தலைக்காய வாய்ப்பு 69 சதவிகிதமும் குறைவதாக, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு கூறுகிறது. எக்கருவியைச் சேர்ப்பினும் இப்பயன் குறையாதிருத்தல் வேண்டும் என்பதே முதல் நிபந்தனை.

ஓசையும் செவியும்

மோட்டார் சைக்கிளில் செல்வோரின் செவியில் விழும் ஓசையில் எஞ்சினின் பங்கு பலரும் எண்ணுமளவு பெரிதன்று. வேகம் கூடுந்தோறும் கவசத்தின் விளிம்பில் சுழன்று மோதும் காற்றின் ஓசையே மேலோங்குகிறது. கவசத்தினுள் ஒலிவாங்கி வைத்து நடத்தப்பட்ட அளவீடுகளில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தையொட்டி இவ்வோசை 90 டெசிபலை நெருங்குவதும், நெடுஞ்சாலை வேகங்களில் அதனை மிஞ்சுவதும் தெரியவந்துள்ளன.

அமெரிக்கத் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் கேட்டல் ஆகாது. ஓசை 3 டெசிபல் உயருந்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறைகிறது. அதாவது 88 டெசிபலுக்கு 4 மணி நேரம். 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம். 100 டெசிபலுக்கு 15 நிமிடம். இப்போது புளூடூத் கருவியின் நிலையை நோக்கலாம். காற்றின் ஓசையை மீறிப் பேச்சு கேட்க வேண்டுமாயின், ஒலிபெருக்கி அவ்வோசையைக் காட்டிலும் உரக்க ஒலித்தாக வேண்டும். நாள்தோறும் பல மணி நேரம் இவ்வாறு கேட்போருக்கு, ஆண்டுகள் செல்லச் செல்ல மீளாத செவிக்குறை ஏற்படும் இடர் உண்டு. செவிக்குறை வலியின்றி வருவதாகையால் அது முற்றிய பின்னரே உணரப்படுகிறது.

செவித்துளையினுள் செருகும் சிறு கருவிகளுக்கும், கவசத்தின் உறையில் அமையும் ஒலிபெருக்கிகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. முன்னவை செவியை அடைத்து, பின்வரும் லாரியின் ஒலிப்பானையும் ஆம்புலன்சின் எச்சரிக்கை ஓசையையும் மறைக்கக்கூடும். கவசம் அழுத்தும்போது செவியில் நோவு உண்டாக்குவதும் உண்டு. பின்னவை செவித்துளையைத் திறந்தே விடுகின்றன. எனினும் இசையை உரக்க வைத்தால் பின்னவையும் புற ஓசையை மூழ்கடித்துவிடும். ஆகவே கருவியின் வகையோடு ஒலியின் அளவும் கருதத்தக்கது.

கையும் கண்ணும் மனமும்

வாகனம் ஓட்டுவோரின் கவனச் சிதைவை மூவகையாகப் பகுப்பது வழக்கம்: கை வேறு வேலையில் ஈடுபடுதல், கண் சாலையை விட்டு அகலுதல், மனம் வேறொன்றில் ஆழ்தல். புளூடூத் கருவி முதலாவதை நீக்குகிறது. இரண்டாவதைப் பெரிதும் குறைக்கிறது. மூன்றாவதைத் தொடுவதே இல்லை.

இருசக்கர வாகனத்தைப் பொறுத்தமட்டில் கையை விடுவித்தல் சிறு பயனன்று. வலக்கை விசையேற்றத்தையும் முன் தடையையும், இடக்கை கிளட்சையும் இயக்க வேண்டும். இரு கைகளும் சேர்ந்தே வண்டியின் சமநிலையைப் பேணுகின்றன. ஒரு கையை எடுத்தவர் திடீரென நிறுத்த நேர்ந்தால் அவருக்குப் பாதி ஆற்றலே எஞ்சியிருக்கும். கண்ணைப் பொறுத்தமட்டிலும் இவ்வாறே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், கைபேசித் திரையில் வரைபடத்தை 3 விநாடி நோக்குவாராயின், அதற்குள் ஏறத்தாழ 42 மீட்டர் தொலைவைப் பாராமலே கடந்திருப்பார். 2009இல் அமெரிக்காவின் வர்ஜீனியா தொழில்நுட்பப் போக்குவரத்து ஆய்வு நிலையம், கனரக வாகனங்களில் ஒளிப்படக் கருவிகளைப் பொருத்தி நடத்திய ஆய்வில், கைபேசியில் எழுத்துச் செய்தி அனுப்பும் ஓட்டுநர்களுக்கு விபத்தோ, விபத்தையொத்த நிலையோ நேரும் வாய்ப்பு 23 மடங்கு மிகுதி எனக் கண்டறிந்தது.

ஆயின் மனத்தின் கவனம் குறித்த ஆய்வுகள் வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றன. கனடாவின் டொரண்டோ நகரில் ரெடல்மையர், டிப்சிரானி ஆகியோர் 699 கார் ஓட்டுநர்களின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து, 1997இல் தம் முடிவை வெளியிட்டனர். ஓட்டுகையில் தொலைபேசியில் பேசுவோருக்கு மோதல் நேரும் இடர் நான்கு மடங்கு என்பதும், கையில் ஏந்தாமல் பேசும் கருவிகளால் இவ்விடர் குறைந்ததற்குச் சான்றில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவுகள். 2001இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரேயர், ஜான்ஸ்டன் ஆகியோர் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை நடத்தினர். தொலைபேசியில் உரையாடியோர் தவறவிட்ட சைகைகள் ஏறத்தாழ இரு மடங்காயின. கருவியைக் கையில் ஏந்தினும் ஏந்தாவிடினும் விளைவு ஒன்றே. ஆனால் வானொலியைக் கேட்டோரிடமும், ஒலிப்பதிவு செய்த நூலைக் கேட்டோரிடமும் அத்தகைய குறைவு காணப்படவில்லை.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. செவிக்குள் ஒலி நுழைவதைக் காட்டிலும், எதிரில் இல்லாத ஒருவருக்கு விடை கூறும் பொறுப்பே மனத்தை மிகுதியாக ஈர்க்கிறது. பின் இருக்கையில் உள்ளவர் சாலையைத் தாமும் காண்கிறார். நெருக்கடி தோன்றினால் பேச்சை நிறுத்துகிறார். தொலைவில் இருந்து அழைப்பவருக்கோ குறுக்கே வரும் மாடும் தெரியாது, திடீரென நிற்கும் பேருந்தும் தெரியாது. அவர் விடையை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார். இவற்றிலிருந்து ஒரு வரிசை பெறப்படுகிறது. திரையை நோக்குவதும் விரலால் தொடுவதும் பேரிடர். நீண்ட உரையாடல் இடர். இடம், வலம் எனச் சுருக்கமாக ஒலிக்கும் வழிகாட்டுக் குரல் சிற்றிடர். கண்ணைத் திரையிலிருந்து மீட்கும் அளவுக்கு அவ்வழிகாட்டுக் குரல் நன்மையும் தருகிறது. மேற்கூறிய ஆய்வுகள் யாவும் நான்கு சக்கர வாகனங்களையோ ஆய்வுக்கூடச் சோதனைகளையோ சார்ந்தவை எனினும், சமநிலையையும் தானே பேண வேண்டிய இருசக்கர வாகன ஓட்டிக்கு இம்முடிவுகள் மேலும் வன்மையாகப் பொருந்தும் எனக் கருத இடமுண்டு.

சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பல வகையில் கடுமையாக்கியது. அதன் தண்டனைப் பிரிவுகள் பல 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆபத்தான முறையில் வாகனம் ஓட்டுதல் பற்றிய 184ஆம் பிரிவின் விளக்கத்தில், ஓட்டும்போது கையில் ஏந்திய தகவல் தொடர்புக் கருவிகளைப் பயன்படுத்துதலும் சேர்க்கப்பட்டுள்ளது. முதல் குற்றத்திற்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ. 1,000 முதல் ரூ. 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தலைக்கவசம் பற்றிய விதியை மீறுவோருக்கு 194டி பிரிவின்படி ரூ. 1,000 அபராதமும், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதி இழப்பும் உண்டு. 129ஆம் பிரிவு, கவசம் தலையில் வாரினால் உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது.

2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், கையில் ஏந்தும் கருவிகளை வழிகாட்டுதலுக்கு மட்டுமே, அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில், பயன்படுத்தலாம் என வரையறுத்தது. தலைக்கவசங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4151 என்னும் தரத்தைக் கட்டாயமாக்கிய தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

இவ்விதிகளை ஒருங்கே நோக்கினால் ஓர் இடைவெளி புலப்படும். சட்டம் ‘கையில் ஏந்திய’ கருவியைக் குறிக்கிறது. கவசத்தில் பொருத்திய கருவி கையில் ஏந்தியதன்று. சொல்லளவில் நோக்கின், கவசத்தினுள் செருகிய கைபேசியும் கையில் இல்லை என்று வாதிட முற்படுவோர் இருக்கக்கூடும். வெளிப்படையான சட்ட விதியின்றி ஒரு செயலைக் குற்றமாக்க இயலாது என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. 2018இல், அதாவது மேற்கூறிய திருத்தத்திற்கு முன்னர், கேரள உயர் நீதிமன்றம், கைபேசியில் பேசியவாறு வாகனம் ஓட்டியது ஒன்றை மட்டுமே கொண்டு, பொதுமக்களுக்கு ஆபத்து விளைவித்ததாக அம்மாநிலக் காவல் சட்டத்தின் கீழ் தண்டிக்க இயலாது எனத் தீர்ப்பளித்தது.

எனினும் கருவி கையில் இல்லை என்பதனாலேயே ஓட்டுபவர் பொறுப்பினின்று விடுபடுவதில்லை. பொதுமக்களுக்கு ஆபத்து விளையும் வகையில் ஓட்டுதல் எந்தக் காரணத்தால் நேரினும் 184ஆம் பிரிவுக்கு உட்பட்டதே. கவனக் குறைவால் பிறர் உயிரிழக்க நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவும் பொருந்தும். விதி தெளிவாக இல்லாத இடத்தில் ஓர் ஊரில் ஒரு நடைமுறையும் மற்றோர் ஊரில் வேறொரு நடைமுறையும் தோன்ற இடமுண்டு. எது தகும், எது தகாது என்பதை விதியே தெளிவாகக் கூறுமாயின், ஓட்டுவோருக்கும் காவலருக்கும் ஒருங்கே நன்மையாகும்.

பிற நாடுகளின் வழி

இத்தெளிவை நாடிச் சில நாடுகள் விதிகள் வகுத்துள்ளன. பிரான்சு நாடு 2015 ஜூலை 1 முதல், வாகனம் ஓட்டுவோர் செவியில் கருவிகளை அணிவதைத் தடை செய்தது. ஆனால் தலைக்கவசத்தோடு இணைந்து அமைந்த ஒலிபெருக்கிகளுக்கு விலக்களித்தது. ஸ்பெயின் நாடு 2022 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் கவசத்தில் அமையும் தொடர்புக் கருவிகளுக்கு வழி செய்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இரு செவிகளையும் மூடும் கருவிகளை ஓட்டுவோர் அணிதல் ஆகாது.

தயாரிப்புத் தரத்திலும் ஒரு முன்னேற்றம் காணப்படுகிறது. ஐரோப்பிய நாடுகள் பல பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் 22ஆம் ஒழுங்குமுறையின் ஆறாம் திருத்தத் தொடர் 2021 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. தயாரிப்பாளர் ஒரு கவசத்திற்கென வழங்கும் துணைக்கருவிகள், கவசத்தின் பாதுகாப்பைக் குறைக்கவில்லை என்பதைச் சோதித்துக் காட்ட அது வகை செய்கிறது. கவசத்தைத் தனியாகவும் கருவியைத் தனியாகவும் நோக்காமல், இரண்டையும் ஒரே பொருளாகக் கருதும் இம்முறை இந்தியாவிலும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பிழைப்புக்காக ஓட்டுவோர்

இப்பொருளின் சமூகப் பக்கம் தனிக் கவனத்துக்கு உரியது. இன்பப் பயணமாக நெடுந்தொலைவு செல்வோர் விலையுயர்ந்த கவசக் கருவிகளை வாங்க வல்லவர்கள். நாள் முழுதும் தெருவில் உழைக்கும் உணவு, பொருள் விநியோகத் தொழிலாளரின் நிலை வேறு. 2020–21இல் நாட்டில் செயலி வழிப் பணி உள்ளிட்ட தற்காலப் பணிகளில் 77 லட்சம் பேர் ஈடுபட்டிருந்தனர் என்றும், 2029–30இல் இவ்வெண்ணிக்கை 2.35 கோடியாகும் என்றும் நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. இவர்களுள் இருசக்கர வாகனத்தையே தொழிற்கருவியாகக் கொண்டோர் பலர்.

இத்தொழிலாளருக்குக் கைபேசி வெறும் வசதியன்று. பணி வருவது அதில்தான். வழி தெரிவது அதில்தான். முகவரி விளங்காத வாடிக்கையாளர் அழைப்பதும் அதில்தான். அழைப்பை ஏற்காவிடில் பணி தவறலாம், மதிப்பெண் குறையலாம் என்ற அச்சம் அவரை உந்துகிறது. நின்று பேசினால் நேரம் போகும். ஓடியவாறே பேசினால் உயிர் போகக்கூடும். இவ்விரண்டுக்கும் இடையே அன்றாடம் முடிவெடுக்க வேண்டிய நிலையில் உள்ளவரிடம் அபராதச் சீட்டு மட்டும் நீட்டுவது முழுத் தீர்வாகாது. அவரைப் பணியில் ஈடுபடுத்தும் நிறுவனங்களுக்கும் பொறுப்பில் பங்குண்டு. வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போது அழைப்பும் புதிய பணி அறிவிப்பும் செல்லாதவாறு செயலியை அமைப்பது தொழில்நுட்ப அளவில் இயலக்கூடியதே. வேகத்தைக் கைபேசியே அறிந்து சொல்லும்.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இத்தகைய தொழிலாளரை முதன்முறையாக மத்தியச் சட்டத்தில் வரையறுத்தது. நடுவண் அரசு அதனை 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொணர்ந்தது. விபத்துக்குப் பின் உதவுவதோடு, விபத்தைத் தடுக்கும் ஏற்பாடுகளையும் இத்தகைய திட்டங்களோடு இணைத்தல் பயனுடையதாகும். தரமான தலைக்கவசத்தைத் தொழிற்கருவியாகக் கருதி வழங்குதல் அதன் முதற்படி.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம்.

1. ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற தலைக்கவசத்தை வாரிட்டு அணிவதே முதற் கடமை. கருவி இரண்டாம் இடத்தையே பெறும்.

2. கவசத்தைத் துளைத்தோ, நுரைப் படலத்தைக் குடைந்தோ கருவியைப் பொருத்தலாகாது. கைபேசியைக் கவசத்தினுள் செருகுதல் எந்நிலையிலும் ஆகாது.

3. சேருமிடத்தைப் புறப்படுமுன் பதிவு செய்து, வழியில் குரலை மட்டும் கேட்டல் வேண்டும். ஒலியின் அளவு, பிற வாகனங்களின் ஓசை தெளிவாகக் கேட்குமளவுக்குத் தாழ்ந்திருத்தல் வேண்டும்.

4. அழைப்பு வரின், பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திய பின்னரே பேசுதல் வேண்டும். கருவி இருப்பது பேசுவதற்கான கட்டாயமன்று.

5. அழைப்பவருக்கும் கடமையுண்டு. எதிரில் இருப்பவர் வண்டி ஓட்டுகிறார் என்று அறிந்ததும் பேச்சை முடித்துக்கொள்வது, அலுவலக மேலாளர் முதல் வீட்டார் வரை அனைவரும் பழகிக்கொள்ள வேண்டிய பண்பு. அரசு அலுவலகங்கள் களப்பணியாளரை அழைக்கும் முறையில் இதற்கு வழிகாட்டலாம்.

6. கவசக் கருவிகளின் பயன்பாடு, அமைப்பு, சோதனை ஆகியவை பற்றிய விதிகளைத் தெளிவாக வகுத்தல் அரசின் பணி. ஓட்டுநர் உரிமத் தேர்வில் கவனச் சிதைவு பற்றிய வினாக்கள் இடம்பெறுதலும் நலம்.

2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டுகளைச் சாலைப் பாதுகாப்புச் செயல்பாட்டுக்கு உரியவையாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்து, சாலை விபத்து இறப்புகளைப் பாதியாகக் குறைத்தலைக் குறிக்கோளாக வைத்துள்ளது. அக்குறிக்கோளை எய்தப் புதிய கருவிகள் துணை செய்யலாம். ஆனால் அவை கவனத்துக்கு மாற்றாகா. வழியைச் சொல்லும் குரலாகப் பயன்படும் வரை, தலைக்கவசத்துள் உள்ள புளூடூத் கருவி ஓட்டுபவரின் கண்ணைச் சாலையிலும் கைகளைக் கைப்பிடியிலும் நிறுத்துகிறது. ஓயாத உரையாடலுக்குரிய தொலைபேசியாக மாறும்போது, அதே கருவி அவர் மனத்தைச் சாலையிலிருந்து எடுத்துச் சென்றுவிடுகிறது. வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர் ஓட்டுபவரே; சொல்ல வேண்டிய செய்தி வண்டி நிற்கும் வரை காத்திருக்கலாம்.